விரல் நுனியில் நாமே எடுக்கும் ரத்தம்: கதிர்வீச்சு அவசரத்துக்கு எவ்வளவு தேறும்?

கேள்விக்குறி | ஜூன் 4, காலை 8.12

சர்க்கரை பார்க்க வீட்டிலேயே விரலைக் குத்திக்கொள்கிறோம். கதிர்வீச்சு விபத்து நடந்து ஆயிரக்கணக்கான பேர் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும்போது மட்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு நர்ஸ் வந்து சிரையைத் தேட வேண்டுமா? அவரவரே குத்தி, துளியைக் குழாயில் பிடித்து அனுப்பினால் ஆகாதா? தோள்பட்டைக்குக் கீழே ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் ரத்தம் இறங்கும் கருவிகள்கூட வந்துவிட்டன. ஒரு கருவி, ஒரு துளி, எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று ஒரு டோஸ் எண். என்ன தடை?

நுண்ணோக்கி | ஜூன் 4, பகல் 11.40

குத்துவதில் தடை ஒன்றுமில்லை. சிக்கல் அந்த "ஒரு டோஸ் எண்"ணில் இருக்கிறது.

சர்க்கரை ரத்தத்திலேயே கரைந்து கிடக்கும் பொருள். கீற்றில் பட்டவுடன் வினைபுரிந்து எண்ணாகிவிடும். கதிர்வீச்சு டோஸ் அப்படி மிதந்துகொண்டிருப்பதில்லை. உடம்பு வாங்கிய அடியின் தடயத்தைத்தான் தேட வேண்டும், அதுவும் நான்கு வேறு இடங்களில். லிம்போசைட் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை சரிகிறதா என்று பார்க்கலாம். லிம்போசைட்டை வளர்த்து, அதன் குரோமோசோம்கள் உடைந்து தப்பாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கலாம். எஃப்.டி.எக்ஸ்.ஆர். போன்ற மரபணுக்களின் ஆர்.என்.ஏ. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்கலாம். எஃப்.எல்.டி.3 லிகண்ட், அமைலேஸ் மாதிரியான புரதங்களைப் பார்க்கலாம்.

இந்த நான்கும் கேட்கும் ரத்தம் ஒன்றல்ல. எண்ணிக்கைக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. உள்ள குழாய். குரோமோசோமுக்கு உயிருள்ள செல் வேண்டும், எனவே ஹெப்பாரின் (இதுவும் உறைதலைத் தடுப்பதே) குழாய், அறை வெப்பநிலை. ஆர்.என்.ஏ.வுக்கு ரத்தம் எடுத்த நிமிடமே நிலைப்படுத்தும் திரவத்தில் கலக்க வேண்டும். புரதத்துக்கு பிளாஸ்மாவோ உலர்ந்த பொட்டோகூடப் போதும்.

ஆகவே எந்தச் சோதனை என்று முடிவு செய்யாமல் கருவி வாங்கி அடுக்குவது வீண். திட்ட அறிக்கைகளில் கருவியின் படம் முதல் பக்கத்தில் இருக்கும், சோதனையின் பெயர் பின்னிணைப்பில் கிடக்கும். அங்கேயே பாதி கோணல்.

நுண்ணோக்கி | ஜூன் 4, பகல் 12.05

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய் மாறினால் "கொஞ்சம் தரம் குறையும்" என்று நினைக்க வேண்டாம், சோதனையே படுத்துவிடும். இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் மணிக்கணக்கில் ஊறிய லிம்போசைட், வளர்ப்பில் போட்டால் சரியாகப் பிரியாது. எதிர்ப்பக்கத்தில் ஹெப்பாரின், பி.சி.ஆர். வினையை முடக்கும். ஹெப்பாரின் பூசிய கருவியில் எடுத்த ரத்தத்தை ஆர்.என்.ஏ. சோதனைக்குக் கொடுத்தால், டோஸ் வாங்காதவர் மாதிரியே தெரியும் அபாயம் உண்டு. ஜெல் உள்ள சீரம் குழாயில் எடுத்தால் செல்கள் கட்டிக்குள் போய்ச் சேரும், எண்ணவும் முடியாது, வளர்க்கவும் முடியாது.

கேள்விக்குறி | ஜூன் 4, மாலை 6.30

சரி, குரோமோசோம் சோதனைதான் தரமானது என்கிறார்கள். அதற்கு விரல் ரத்தம் போதுமா, போதாதா? நேராகச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி | ஜூன் 5, காலை 7.50

யாருக்கு உடனடிக் கவனிப்பு என்று பிரிக்கும் வகைப்பிரிப்புக்குப் போதும். துல்லியமான டோஸுக்குப் போதாது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்ப்போம், ஊகம் வேண்டாம்.

எண்ணுவது டைசென்ட்ரிக்கை. அதாவது, உடைந்த இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி, இரண்டு சென்ட்ரோமியரோடு (குரோமோசோமின் இடுப்புப் பகுதி) நிற்கும் ஒன்று. கதிர்வீச்சு படாதவர்களிடம் ஆயிரம் செல்லுக்கு ஒன்றிரண்டுதான் தெரியும். டோஸ் ஏற ஏற, நேர்கோட்டுப் பகுதியும் வர்க்கப் பகுதியும் சேர்ந்த வளைவில் ஏறும். கோபால்ட்-60 காமாவுக்கு ஆய்வகங்கள் போடும் வளைவுகளில் நேர்கோட்டுக் குணகம் 0.03, வர்க்கக் குணகம் 0.06 என்ற அளவை ஒட்டியே இருக்கும். பின்னணி 0.001 என்று வையுங்கள். 2 கிரே (டோஸின் அலகு கிரே) வாங்கியவருக்குச் செல்லுக்கு 0.3 டைசென்ட்ரிக்.

வழக்கமான முழு எண்ணிக்கை 500 முதல் 1,000 செல். பேரிடர் வகைப்பிரிப்பில் 50 செல், அல்லது 30 டைசென்ட்ரிக், எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்திக்கொள்வார்கள். 50 செல்லில் 15 டைசென்ட்ரிக் கிடைத்தால் 2 கிரே. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 1.4 முதல் 2.6 வரை. இப்போது விரல் ரத்தம் 100 மைக்ரோலிட்டர் வந்து, வளர்ப்பும் சுமாராகி, படிக்கத் தகுந்த மெட்டாஃபேஸ் (பிரியும் நடுவில், குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும் செல்) 20தான் தேறியது என்போம். 6 டைசென்ட்ரிக். அதே 2 கிரேதான், ஆனால் இடைவெளி 1.1 முதல் 3.1 வரை அகன்றுவிடும்.

ஒன்றுமே தெரியாவிட்டால்? 50 செல்லில் பூஜ்யம் என்றால் "0.9 கிரேக்கு மேல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு" என்று சொல்லலாம். 20 செல்லில் பூஜ்யம் என்றால் அதே வாக்கியத்தில் 1.5 என்று போட வேண்டும். 2 கிரேக்கு மேலா கீழா என்பதுதான் கேள்வி என்றால் 20 செல்லும் ஏதோ பதில் சொல்லும். "எனக்கு 0.3 கிரே பட்டிருக்குமா" என்று கேட்பவருக்கு விரல் ரத்தத்தில் பதிலே கிடையாது. பெரும்பாலானோர் கேட்பது இந்தக் கேள்வியைத்தான் என்பது வேறு விஷயம்.

பிப்பெட் | ஜூன் 5, காலை 9.15

கணக்கு சரி. ஆனால் டோஸ் அதிகமானால் லிம்போசைட்டே குறையுமே. இந்தச் சோதனை அதிகம் தேவைப்படும் ஆளிடம்தான் செல் இருக்காது. அதைச் சேர்க்கவில்லை.

நுண்ணோக்கி | ஜூன் 5, பகல் 1.20

நியாயமான இடைமறிப்பு. ஆரோக்கியமானவருக்கு மைக்ரோலிட்டருக்கு 1,000 முதல் 4,800 லிம்போசைட் இருக்கும். 1,500 என்று வைத்தால் 100 மைக்ரோலிட்டரில் 1,50,000. பலத்த அடி வாங்கியவருக்கு இரண்டு நாளில் 500க்குக் கீழே போகலாம், அப்போது கையில் 50,000கூட இல்லை. இவற்றில் டி வகை மட்டுமே, வளர்ப்பில் சேர்க்கும் பி.எச்.ஏ. என்ற தூண்டு பொருளுக்கு விழித்துப் பிரியும். பிரிந்தவற்றில் சிறு பங்கே மெட்டாஃபேஸில் மாட்டும். அதிலும் ஸ்லைடில் விரியாதவையும் சிதறிப் போனவையும் கழியும்.

ஆனால் எதிர்த்திசையிலும் ஒன்று வேலை செய்கிறது. 4 கிரேயில் செல்லுக்கு ஒன்றுக்கும் சற்று மேல் டைசென்ட்ரிக். 20 செல்லில் 22 கிடைத்தால் 3.1 முதல் 5 கிரே வரை. 2 கிரேக்கு மேல் என்பதில் சந்தேகமே இல்லை. செல் குறைகிறது, ஆனால் ஒவ்வொரு செல்லும் சொல்லும் சேதி கூடுகிறது. அதற்கும் மேலே போனால் வளர்ப்பே வராது. ஜப்பானில் 1999 டோகைமுரா விபத்தில் அதிக டோஸ் வாங்கிய தொழிலாளர்களுக்கு வழக்கமான டைசென்ட்ரிக் முறையை விட்டு, குரோமோசோம்களை முன்கூட்டியே சுருங்கவைத்து, அவற்றில் வளையமானவற்றை எண்ண வேண்டியிருந்தது. அவர்கள் எல்லாம் தாமே குத்திக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் இல்லை, நம் விஷயத்துக்கு வெளியே.

ஆக, சுய மாதிரி உண்மையில் உதவுவது 1 முதல் 5 கிரே வரையான நடுப்பகுதியில். அங்கே கருவியின் அளவு 100 மைக்ரோலிட்டரா 300ஆ என்பது பெரிய வித்தியாசம்.

நுண்ணோக்கி | ஜூன் 6, காலை 8.05

விரல் குத்தும் முறை பற்றித் தனிச்செய்தியில் நிறையப் பேர் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். கையேடுகளில் படம் இருக்கும், காரணம் இருக்காது.

வெளியாடையைக் கழற்றி, கையைச் சோப்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவுவது முதல் வேலை. கதிரியக்கத் தூசு இருந்தால் சாராயத் துணி அதைப் பரப்புமே தவிர எடுக்காது. அழுத்தித் தேய்க்கக் கூடாது, தோல் உரிந்தால் தூசு உள்ளே போகும். கழுவியபின் சூடான துணியை மூன்று முதல் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள், 42 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல். கை சில்லென்றிருந்தால் எந்த லான்செட்டும் (குத்தூசி) உதவாது.

நடுவிரல் அல்லது மோதிர விரல். நுனியின் சரியான நடுவும் வேண்டாம், பக்கவாட்டு ஓரமும் வேண்டாம், இரண்டுக்கும் இடையே. ரேகைக்குக் குறுக்காகக் குத்தினால் துளி உருண்டு நிற்கும். ரேகையோடு குத்தினால் வரிகளில் வழிந்து ஓடும், குழாயில் ஏறாது. சர்க்கரைக்கு விற்கும் மெல்லிய ஊசி இதற்குத் தேறாது. 1.5 முதல் 2 மி.மீ. ஆழம் போகும் பிளேடு வகை லான்செட் வேண்டும்.

கழுவிய கையில் குத்துமிடத்தைத் துடைக்கும் சாராயம் முழுக்க உலரவேண்டும். ஈரம் இருந்தால் சிவப்பணு உடையும். முதல் துளியைத் துடையுங்கள், அதில் திசு நீர் இருக்கும், அதுவே உறைதலைக் கிளப்பிவிடும். கை இதயத்துக்குக் கீழே தொங்கட்டும். உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி மெதுவாக அழுத்தி விடலாம். நுனியைப் பிடித்துப் பிழியக் கூடாது. பிழிந்தால் திசு நீர் கலந்து எண்ணிக்கை தாழும், சிவப்பணு உடைந்து பிளாஸ்மா சிவக்கும்.

குழாயின் விளிம்பால் தோலைச் சுரண்ட வேண்டாம், துளி தானாகத் தொட்டு இறங்கட்டும். இரண்டு மூன்று துளிக்கு ஒருமுறை குழாயின் அடியை விரலால் சுண்டுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடியவில்லை என்றால் அந்த விரலை விட்டுவிட்டு வேறு விரல். முடிந்ததும் மூடி, பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்கக் கூடாது. பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுவரில் நூல் மாதிரி ஒட்டி நின்றால் உறைந்துவிட்டது, திரும்ப எடுங்கள். இந்தச் சாய்த்துப் பார்க்கும் வேலையைப் பெரும்பாலான சுயமாதிரிப் பெட்டிகளின் வழிமுறைத் தாளில் காணோம். ஆய்வகம் திறந்து பார்த்துத் திருப்பி அனுப்பும்போது இரண்டு நாள் போயிருக்கும்.

இரண்டு குழாய் நிரப்புவதாக இருந்தால் விரலில் இ.டி.டி.ஏ. முதலில், ஹெப்பாரின் அடுத்து. சிரையில் எடுக்கும்போது வரிசை வேறு. அந்தப் பழக்கத்தில் மாற்றிச் செய்தால், கடைசியில் வரும் மந்தமான துளிகள் இ.டி.டி.ஏ.வில் போய் நுண்கட்டி ஆகும், தட்டணு எண்ணிக்கை பொய் சொல்லும்.

கேள்விக்குறி | ஜூன் 6, காலை 10.30

இவ்வளவு இருக்கிறதா! தோளில் ஒட்டும் கருவி இதையெல்லாம் தீர்த்துவிடாதா?

நுண்ணோக்கி | ஜூன் 6, பகல் 12.45

பாதி தீர்க்கும். டாசோ மாதிரியானவை மேற்கையில் ஒட்டி, உள்ளே வெற்றிடம் உண்டாக்கி, லான்செட்டைச் செலுத்தி, சில நிமிடத்தில் சில நூறு மைக்ரோலிட்டர் தரும். நுண்ணூசி வகைகளில் சில 100 அளவில் நிற்கும். வலி குறைவு, பிழிதல் இல்லை, ஒரு கையால் ஆகும். திசு நீர்க் கலப்பும் விரலைவிடக் குறைவு.

தோற்கும் இடங்கள் வேறு. ஒட்டுமிடத்தில் ரோமம் அடர்ந்திருந்தால், வியர்த்திருந்தால், கருவி சாய்ந்து ஒட்டினால் வெற்றிடம் கசியும், பொத்தான் "டக்" என்று சொல்லும், ரத்தம் வராது. ஒருமுறை குத்திய கருவியால் மறுபடி குத்த முடியாது, ஆகவே பெட்டிக்கு இரண்டு வைக்க வேண்டும். வயதானவர்களின் மெல்லிய தோலில் ஊதா வளையம் விழும். ரத்தம் வருவது கண்ணுக்குத் தெரிந்தவுடனே சிலர் கழற்றிவிடுவார்கள், பாதிக் குழாய். ஹெப்பாரின் ஓர் அளவுக்கென்று பூசப்பட்டிருக்கும். கோட்டைத் தாண்டி நிரப்பினால் உறையும், கால்வாசியோடு நிறுத்தினால் மருந்தின் விகிதம் தப்பும்.

ஒரு விஷயத்தில் மேற்கைக் கருவியே கட்டாயம். கதிர்வீச்சு மூலத்தைக் கையில் எடுத்தவர், பையில் போட்டுச் சுமந்தவர். அவர்களின் விரல்களில்தான் தோல் காயம் வரப்போகிறது, சிவந்து, வீங்கி, கொப்புளம் கண்டு. அந்த விரலைக் குத்தவே கூடாது. வழிமுறைத் தாளின் முதல் வரியாக இது வரவேண்டும் என்பது என் பிடிவாதம்.

பிப்பெட் | ஜூன் 6, மாலை 5.10

கிருமி விஷயத்தை விட்டுவிட்டீர்கள். விரல் ரத்தத்தை 37 டிகிரியில் 48 மணி நேரம் வளர்த்தால் லிம்போசைட்டுக்கு முன்னால் தோல் பாக்டீரியா வளர்ந்து நிற்கும்.

நுண்ணோக்கி | ஜூன் 6, இரவு 9.00

ஆமாம், வளர்ப்பூடகம் கலங்கிப் போனால் அந்த ஆளின் மாதிரி அவ்வளவுதான். 100 மைக்ரோலிட்டரை ஒரு மி.லி. ஊடகத்தில் போட்டாயிற்று, மிச்சம் வைத்து மறுபடி போட ஒன்றுமில்லை. பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின் சேர்ப்பது வழக்கம்தான், ஆனாலும் தோலைச் சுத்தம் செய்வதும் முதல் துளியைத் துடைப்பதும் மூடியின் உள்பக்கத்தைத் தொடாமலிருப்பதும்தான் முதல் காப்பு. சர்க்கரை சோதனையில் கிருமி ஒரு பொருட்டே இல்லை என்பதால் யாருக்கும் இந்தப் பழக்கம் கிடையாது. "வீட்டில் செய்வதுதானே" என்ற ஒப்பீடு இங்கே உதவாமல் போகிறது.

நுண்ணோக்கி | ஜூன் 7, காலை 6.40

உலர் ரத்தம் பற்றி. துளியை உறிஞ்சி உலரவைக்கும் வாட்மன் 903 அட்டை, மிட்ரா முனை மாதிரியானவை தபாலுக்கு ஏற்றவை. கசியாது, குளிர்பெட்டி வேண்டாம். ஆனால் உலர்ந்த செல் செத்த செல். குரோமோசோம் சோதனையும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது. புரதத்துக்கு ஆகும். ஆர்.என்.ஏ.வுக்குச் சிரமப்பட்டால் ஆகலாம்.

அட்டையில் ரத்தம் பரவும் அளவு, சிவப்பணு விகிதத்தைப் பொறுத்து மாறும். கெட்டியான ரத்தம் சின்ன வட்டம், நீர்த்த ரத்தம் பெரிய வட்டம். அதில் 3 மி.மீ. துண்டு வெட்டினால் ஒவ்வொருவருக்கும் வேறு அளவு ரத்தம் கிடைக்கும். மிட்ரா முனை 10, 20, 30 மைக்ரோலிட்டர் என்று நிலையான அளவு உறிஞ்சும் என்பதால் அந்தத் தொல்லை குறைவு. அதற்கும் ஒரு பக்குவம் உண்டு: முனையைத் துளியின் மேற்பரப்பில் தொடவைக்க வேண்டும், முழுக்க முக்கக் கூடாது. வெள்ளை மறைந்து முழுச் சிவப்பானதும் இன்னும் இரண்டு வினாடி, அவ்வளவே. முக்கினால் வெளிப்புறத்தில் ஒட்டிய ரத்தமும் சேர்ந்து அளவு கூடிவிடும்.

அட்டையைக் குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் படுக்கவைத்து உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையிலிட வேண்டும். அவசரப்பட்டு முடி உலர்த்தியைக் காட்டினால் புரதம் கெடும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை.

அலைவரிசை | ஜூன் 7, காலை 9.25

இந்தப் பொட்டலத்தை எடுத்துப் போகும் கூரியர்காரருக்கு ஆபத்து இல்லையா? கதிர்வீச்சு பட்ட ரத்தம்தானே?

நுண்ணோக்கி | ஜூன் 7, காலை 10.00

எக்ஸ்ரே எடுத்தபின் நீங்கள் ஒளிர்வதில்லை அல்லவா? வெளியிலிருந்து காமா பட்டவரின் ரத்தம் கதிரியக்கம் கொள்ளாது. விதிவிலக்கு நியூட்ரான். அது உடம்பிலுள்ள சோடியத்தை சோடியம்-24 ஆக்கும், அரை ஆயுள் 15 மணி நேரம். டோகைமுராவில் ரத்தத்தில் அந்த சோடியத்தை அளந்தே டோஸைக் கணித்தார்கள். விபத்துகளில் மிக அரிது.

நடைமுறை ஆபத்து, குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டிய தூசு. கருவியை உறையிலிருந்து எடுப்பதற்கு முன் கை கழுவியிருந்தால் அது பெரிதாக வராது. ஆனாலும் ஆய்வகம் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரிப்பதற்கு முன் கைகர் கருவியின் தட்டை முனையைக் காட்டியே உள்ளே விடவேண்டும். எண்ணும் கருவிக்குள் தூசு போய்விட்டால் அந்த நாளே வீண்.

தூசை விழுங்கியோ சுவாசித்தோ உள்ளே போயிருந்தால் அதற்குப் பெரும்பாலும் சிறுநீர்தான் சரியான மாதிரி, அயோடின்-131 என்றால் கழுத்தில் தைராய்டு அளவீடு. அதையும் ரத்தத்தில் பார்த்துவிடலாம் என்று யாரும் பெட்டியில் சேர்க்க வேண்டாம்.

நுண்ணோக்கி | ஜூன் 7, மாலை 4.15

அனுப்புவது. உயிரியல் மாதிரிக்கான யு.என். 3373 பொதி: கசியாத குழாய், உறிஞ்சு பொருளோடு இரண்டாம் உறை, கடினமான வெளிப்பெட்டி. ஹெப்பாரின் குழாய்க்கு 18 முதல் 24 டிகிரி. அறை வெப்பநிலையில் வைத்த ஜெல் பொதி இரண்டு பக்கமும், உள்ளே சின்ன வெப்பநிலைப் பதிவான். ஐஸ் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒருமுறை குளிரில் உறைந்தால் செல் உடைந்துவிடும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேரவேண்டும், அதற்குமேல் ஒவ்வொரு நாளும் பிரியும் செல் குறையும்.

காமா எச்2ஏஎக்ஸ் சோதனை (டி.என்.ஏ. உடைந்த இடத்தில் தோன்றும் புரத அடையாளத்தைப் பார்ப்பது) என்றால் நேர் எதிர்: எடுத்த நொடியே ஐஸில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே செல் தன் டி.என்.ஏ.வைச் சரிசெய்துகொண்டே போகும். அந்த அடையாளம் கதிர்வீச்சு பட்ட அரைமணி, ஒரு மணி நேரத்தில் உச்சம், ஒரு நாளில் பெரும்பாலும் மங்கிவிடும். தபாலில் அனுப்பி அளக்கும் விஷயமே இல்லை. "வேகமான சோதனை" என்ற பெயரைப் பார்த்து சுயமாதிரிப் பெட்டியில் இதைச் சேர்க்க நினைப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

விமானத்தில் போனால் "எக்ஸ்ரே காட்டாதீர்" என்ற சீட்டும் ஒரு டோசிமீட்டர் வில்லையும் வைப்பது மரபு. சோதனைக் கருவியின் எக்ஸ்ரே டைசென்ட்ரிக்கை உண்டாக்கும் அளவுக்கு இல்லை. ஆனால் கதிர்வீச்சு அளக்க அனுப்பிய ரத்தத்துக்கே வழியில் கதிர்வீச்சு காட்டினார்கள் என்று நாளைக்கு ஒரு வழக்கறிஞர் கேட்டால் பதில் வேண்டுமே, அந்த வில்லை அதற்குத்தான். ரத்தத்தை நிஜமாகக் கெடுப்பது சரக்கு அறையின் குளிரும் ஓடுபாதை வெயிலும்.

பிப்பெட் | ஜூன் 8, காலை 8.20

எப்போது எடுக்க வேண்டும் என்பதைத் தொடவில்லை.

நுண்ணோக்கி | ஜூன் 8, காலை 11.30

குரோமோசோமுக்கு அவசரப்படக் கூடாது. உடம்பில் லிம்போசைட்டின் பெரும்பகுதி ரத்தத்தில் இல்லை, நிணநீர் முடிச்சுகளிலும் மண்ணீரலிலும் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பட்டிருந்தால், பட்ட செல்லும் படாத செல்லும் கலந்து சீராக ஒரு நாள் ஆகும். ஆகவே 24 மணி நேரம் கழித்து, முதல் சில வாரங்களுக்குள். ஆர்.என்.ஏ. என்றால் முதல் நாளிலிருந்து மூன்றாம் நாள் வரை நல்ல காலம். எண்ணிக்கைக்கு மட்டும் உடனே, பிறகு 6 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை.

இரண்டு மூன்று வாரம் கழித்துக் குத்துவது வேறு விவகாரம். தட்டணுவும் நியூட்ரோஃபிலும் அடிமட்டத்தில் இருக்கும் காலம் அது. ரத்தம் நிற்காமல் கசியும், சின்னக் குத்துக்கும் சீழ் பிடிக்கலாம். அப்போது சுயமாதிரி வேண்டாம், மருத்துவமனையில் எடுக்கட்டும்.

சீட்டில் "எடுத்த நேரம்" என்ற கட்டம் எல்லாப் பெட்டியிலும் உண்டு. "பட்ட நேரம், எவ்வளவு நேரம் அங்கே இருந்தீர்கள், முதல் வாந்தி எப்போது" என்ற கட்டங்கள் பலவற்றில் இல்லை. அவை இல்லாமல் ஆர்.என்.ஏ. முடிவையும் எண்ணிக்கையையும் டோஸாக மாற்றவே முடியாது. முன்பு புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சையோ மருந்தோ எடுத்தாரா என்றும் கேட்க வேண்டும், பழைய டைசென்ட்ரிக் இப்போதைய கணக்கில் ஏறிவிடும்.

நுண்ணோக்கி | ஜூன் 9, காலை 7.15

ஒரு பக்கம் மட்டும் பட்ட கதையை நேற்று பாதியில் விட்டேன். முழு உடம்பிலும் சீராகப் பட்டால் டைசென்ட்ரிக் செல்களில் பாய்சான் முறைப்படி, அதாவது தற்செயலாகப் பரவலாக, சிதறும். பாதி உடம்பில் பட்டால், சில செல்லில் இரண்டு மூன்றாகக் குவிந்து மற்றவை காலியாக இருக்கும். அந்தக் குவியலைப் பார்த்துத்தான் "சராசரி 1 கிரேயா, பாதி உடம்பில் அதிகமா" என்று பிரிப்பார்கள். 20 செல்லில் 6 டைசென்ட்ரிக்கை வைத்து அந்தச் சோதனை செய்தால் எதுவும் சொல்லாது. ஆக, சுயமாதிரியில் "1 கிரே" வந்தவரிடம் அறிகுறி இருந்தால் சிரையில் 10 மி.லி. எடுத்து மறுபடி எண்ணுவது கட்டாயம். முதல் எண்ணை முடிவு என்று ஒட்டிவிடக் கூடாது.

கேள்விக்குறி | ஜூன் 9, மாலை 7.00

அப்படியானால் நீங்கள் திட்டமிட்டால் எந்தப் பெட்டி?

நுண்ணோக்கி | ஜூன் 10, காலை 9.50

கவர்ச்சி இல்லாத பதில்: இ.டி.டி.ஏ. சிறு குழாய், 250 முதல் 500 மைக்ரோலிட்டர், முதல் இரண்டு நாளில் நான்கு ஐந்து முறை. லிம்போசைட் எண்ணும் கருவி ஓரளவு பெரிய எந்த மருத்துவமனையிலும் இருக்கும், வளர்ப்பும் நுண்ணோக்கியும் வேண்டாம், மணிக்கணக்கில் முடிவு. ஒற்றை எண்ணுக்கு மதிப்பில்லை, சரிவுக்கோடுதான் சேதி. 48 மணி நேரத்தில் 1,000க்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் அந்த ஆளை உடனே கவனிக்க வேண்டும். ஒருவருக்கு எல்லா முறையும் ஒரே வழியில் எடுக்கவேண்டும், ஒருமுறை விரல், ஒருமுறை சிரை என்று மாற்றினால் கோடு வளையும். தீக்காயமும் பெருங்காயமும் தாமாகவே லிம்போசைட்டைக் குறைக்கும், ஆகவே அடிபட்டவர்களைத் தனியாக வைக்க வேண்டும்.

அதன்மேல், சரிவு கண்டவர்களுக்கும் இடத்தாலோ வாந்தியாலோ சந்தேகத்துக்குரியவர்களுக்கும் மேற்கைக் கருவியில் ஹெப்பாரின் ரத்தம், 24 மணி நேரம் கழித்து. எல்லோருக்கும் கிடையாது. 1987இல் பிரேசிலின் கோயானியாவில் நடந்த கதிர்வீச்சு விபத்தில் ஏறத்தாழ 1,12,000 பேரை அளந்து பார்த்தார்கள், தூசு ஒட்டியவர்கள் 249, இறந்தவர்கள் நால்வர். அந்த 1,12,000 பேரும் ஆளுக்கொரு ஹெப்பாரின் குழாய் அனுப்பியிருந்தால் உலகத்து சைட்டோஜெனடிக் (குரோமோசோம் பார்க்கும்) ஆய்வகங்கள் எல்லாம் சேர்ந்தாலும் மாதக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கும். உலக சுகாதார அமைப்பின் பயோடோஸ்நெட், ஐரோப்பாவின் ரெனெப் என்று வலையமைப்புகள் இருக்கின்றன. அவற்றின் நெரிசல் ரத்தம் எடுப்பதில் இல்லை, கண்ணால் குரோமோசோம் பார்க்கும் ஆட்களில். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ராபிட் மாதிரியான தானியங்கிகள் விரல் ரத்தத்தை நம்பியே வடிவமைக்கப்பட்டன, அந்தப் பாதை சரியான பாதைதான்.

அலைவரிசை | ஜூன் 10, மாலை 3.30

குழந்தைகள்?

நுண்ணோக்கி | ஜூன் 10, மாலை 6.05

ஒரு வயதுக்குக் கீழே விரல் கூடாது, எலும்பு மிக அருகில். குதிகாலின் பக்கவாட்டில், 2 மி.மீ.க்கு மேல் போகாத லான்செட், பயிற்சி உள்ளவர் கையால். குழந்தைகளுக்கு லிம்போசைட் இயல்பாகவே பெரியவர்களைவிட அதிகம், ஆகவே மேலே சொன்ன 1,000 என்ற கோட்டை அப்படியே பொருத்தக் கூடாது. வயதுக்கேற்ற இயல்பளவோடு ஒப்பிட வேண்டும்.

பயன்படுத்திய லான்செட் திருப்பி அனுப்பும் பெட்டியில் வரக்கூடாது. மூடியுள்ள தனிக் கடினக் குப்பி பெட்டியிலேயே இருக்க வேண்டும், அதன்மேல் "ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டாம்" என்று பெரிய எழுத்தில்.